ஒற்றைப்படை டோக்கன்

மாதத்தின் மூன்றாம் வியாழன் நெறிமுறைக் குழு கூடும்.
அதற்கு முந்தைய திங்கள்
கோப்புகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை,
உள்ளே ஒரு மின்விசிறி, மூன்று டிரே.
நான் டாக்டர் இல்லை. பி.காம்., அதிலும் ஒரு அரியர்.
அந்தப் படிப்பால் தணிக்கை என்ற சொல் மட்டும் பழக்கம்.

முதல் கோப்பு, எலும்பு முறிவு வார்டு:
கை கழுவினோமா?
விதி சுவரில் ஒட்டியிருக்கிறது, படத்தோடு.
ஒட்டியபடி நடந்தோமா என்று எண்ணியிருக்கிறார்கள்.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
வெட்கப்படலாம், சோப்பு வாங்கலாம்,
மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணலாம்.
தணிக்கை. முதல் டிரே.

இரண்டாவது, மருந்தகம்:
வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்?
இவ்வளவுதான் நிற்கலாம் என்று எங்கும் எழுதியில்லை.
நிற்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை சர்க்கரைக்காரர்கள் வரிசை
சைக்கிள் ஸ்டாண்டைத் தொடுகிறது.
நம் கடை எப்படி ஓடுகிறதென்று
நாமே வெளியே வந்து நின்று பார்ப்பது.
சேவை மதிப்பீடு. இரண்டாம் டிரே.

மூன்றாவது மலையிலிருந்து,
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி,
உறையில் காப்பிக் கறையோடு வந்தது.
டாக்டர் தில்லைநாயகி, ஆரம்ப சுகாதார நிலையம்.
தலைப்பிலேயே தடித்த எழுத்தில் 'தணிக்கை'.
ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு
இரும்புச்சத்து ஊசி சரியாகப் போடுகிறோமா?
நல்லது என்று முதல் டிரேக்குக் கை நீட்டினேன்.

டீ வரத் தாமதமானதால்தான்
பதினோராம் பக்கம் வரை படித்தேன்:
ஒற்றைப்படை டோக்கனுக்கு ஒரே தடவை, பெரிய டோஸ்.
இரட்டைப்படைக்கு வழக்கம்போல், வாராவாரம்.

இது எந்தச் சுவரிலும் ஒட்டாத விதி.
பதினேழாம் எண் எடுத்தவளுக்கு ஒன்று,
பின்னால் நின்ற பதினெட்டுக்கு வேறொன்று.
நடுவில் ஒரு செருப்பு வார் அறுந்து
ஒருத்தி குனிந்திருந்தால் போதும்,
மருந்தே மாறியிருக்கும்.
எது மேல் என்று டாக்டருக்கும் தெரியாது.
தெரியாததால்தான் செய்கிறார்.
தெரியாது என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

போன் போட்டேன்.
"இது ஆராய்ச்சிங்க, மேடம்."
"எண்ணத்தானே போறேன்?"
"எண்றதுக்கு முன்னாடி பிரிக்கிறீங்களே."
அந்தப் பக்கம் மழைச் சத்தம். இங்கே நாற்பது டிகிரி.
"ஒரு தடவை வந்தா ஒரு நாள் எஸ்டேட் கூலி போகுது.
நாலு தடவை வர வைக்கிறது பாவமில்லையா?
நல்லதுக்குத்தானே செய்றேன்?"
"அதையும் அவங்ககிட்டயே கேட்டுருங்க, மேடம்."

கோபம்தான்.
மாம்பழ சீசன் முடியும் வரை கோப்பு திரும்பவில்லை.
திரும்பியபோது தடிமனாக இருந்தது.
டோக்கனுக்குப் பதில் மூடிய உறை,
பெரிய எழுத்தில் ஒப்புதல் படிவம்,
'எது நல்லதென்று எங்களுக்கு இன்னும் தெரியாது'
என்பதே அதன் முதல் வரி.
மூன்றாம் டிரே. குழு இரண்டு மணி நேரம் பேசியது.

மார்கழியில் சரிபார்க்க மேலே போனோம்.
பதினேழும் பத்தொன்பதும் பெயராகியிருந்தார்கள்:
சின்னப்பொண்ணு, குஞ்சம்மா, ர. தேவயானி.
(இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)
கோணல் கையெழுத்து, ஊதா ரேகை.

ஒரு படிவத்தில் மட்டும் 'சம்மதமில்லை'.
காரணம் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி.
கேட்கவில்லை, அவளே சொன்னாள் என்று
டாக்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:

"வாராவாரம் ஊசின்னாத்தான்
பஸ் ஸ்டாண்டு பக்கம் அக்காவைப் பார்க்க முடியுது.
ஒரே ஊசியில முடிச்சுட்டா
என்ன சாக்கு சொல்லி வருவேன்?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை.
நானும் அவரைப் பார்க்கவில்லை.
அந்தத் தாளை எண்ணிட்டு, கட்டி, உரிய இடத்தில் வைத்தேன்.
அட்டவணை எதிலும் அவள் வரமாட்டாள்.
புதன்கிழமை காலைப் பேருந்தில் இருப்பாள்.